ரொட்டி தட்டும் சின்னக் கைகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுகாதாரம் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் என்று சங்கத்தினர் கேட்டபோது, நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்தோம். நம்மில் பலர் நாற்பதைத் தாண்டிவிட்டோம் அல்லவா? ஆனால் இன்று நாங்கள் பேச வந்தது வேறு விடயம். சின்னப் பிள்ளைகளை அடுப்படியில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாவிலிருந்தும் பயற்றிலிருந்தும் பாலிலிருந்தும் எளிமையான சாப்பாடு செய்வதைப் பற்றி.

மேடையில் ஒருவர் நின்றாலும் இந்தப் பேச்சை ஒரே வகுப்பில் படித்த நாலைந்து பேர் சேர்ந்துதான் எழுதினோம். எங்களில் வைத்தியரும் உண்டு, தாதியும் உண்டு, முன்பள்ளி ஆசிரியையும் உண்டு. எல்லோரும் தாய்மார். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

முதலில் ஒரு பழைய கதை. எங்கள் வகுப்பில் தோட்டத்து லயங்களிலிருந்து வந்த பிள்ளைகள் பலர். விடியற்காலையில் அம்மா மலைக்குப் போகுமுன் தட்டிச் சுட்ட ரொட்டி, ஒரு கரண்டி தேங்காய்ச் சம்பல், அதுதான் எங்கள் பகல் சாப்பாடு. இடைவேளை மணி அடித்ததும் டவுனிலிருந்து வந்த பிள்ளைகள் பாணும் ஜாமும், சிலவேளை கேக்கும் எடுப்பார்கள். நாங்கள் பெட்டியின் மூடியைப் பாதி மட்டும் திறந்து, உள்ளே கையை விட்டு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவோம். யாரும் எங்களைக் கேலி செய்தார்கள் என்று சொல்ல முடியாது. எங்களுக்கே வெட்கமாக இருந்தது. மனைப்பொருளியல் பாடக் கொப்பியில் கட்லட்டும் கஸ்டர்ட்டும் அழகாக எழுதி, படம் வரைந்து, கோடு போட்டோம். அம்மா எப்படி ரொட்டி சுடுகிறாள் என்பதை யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்த வெட்கத்தைப் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டு போனோம். வைத்தியராகத் திரும்பி வந்தபோதும் அது எங்களோடுதான் வந்தது. எப்படி என்று சொல்கிறோம்.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் மட்டும் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 32 பேர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூன்று பிள்ளைகளில் ஒன்று. வயதுக்கேற்ற உயரம் இல்லை என்றால் ஆள் கட்டை என்பதோடு விடயம் முடிந்துவிடாது. முதல் இரண்டு மூன்று வருடங்களில் உடம்புக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போனால் மூளை வளர்ச்சியும், நோயைத் தாங்கும் வலுவும், பிறகு படிப்பும் பாதிக்கப்படும். நம் பாடசாலையின் முதலாம் வகுப்பில் அடுத்த தை மாதம் வந்து உட்காரப்போகும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்கு நாங்கள் வருடக்கணக்காக ஒரே அறிவுரையைச் சொல்லி வந்தோம். பால், முட்டை, மீன், பழம் என்று பட்டியல் சொல்லி, கடதாசியிலும் எழுதிக் கொடுத்தோம். தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் நிறை பார்த்தால் அட்டையில் கோடு அதே இடத்தில் நிற்கும். "சொன்னதைக் கேட்பதில்லை" என்று எங்களுக்குள் சலித்துக்கொள்வோம். ஒரு நாள் ஒரு தாய், கோபமே இல்லாமல், மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "டொக்டரம்மா, நீங்க சொன்னதெல்லாம் சரிதான். ஆனா நான் கொழுந்து நிறுத்துட்டு, வெறகு பொறுக்கிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பு பத்த வைக்கிறப்போ புள்ள பிஸ்கட்டத் தின்னுட்டுத் தூங்கிப் போயிருக்கு."

அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தப் பட்டியலில் ரொட்டி என்ற சொல்லே இருக்கவில்லை. குரக்கன் இல்லை, நெத்தலிக் கருவாடு இல்லை, லயத்து வாசலில் முளைத்துக் கிடக்கும் கீரை இல்லை. பாதி மூடிய சாப்பாட்டுப் பெட்டியை இன்னும் நாங்கள் திறக்கவில்லை. அந்த வீட்டில் எது இருக்கிறது, யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு இருக்கிறார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. லயத்தில் வளர்ந்த நாங்களே கேட்கவில்லை.

அதன் பிறகு டிக்கோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிள்ளை மடுவங்களுக்குப் போகும்போது கொஞ்சம் நின்று பார்க்கத் தொடங்கினோம். இப்போது அவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். நமக்கு என்றைக்கும் அது பிள்ளை மடுவம்தான். ஒரு மடுவத்தில் வயதான ஆயாம்மா ஒருவர் ரொட்டிக்கு மாவு பிசைந்து, சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கையில் தேசிக்காய் அளவு உருண்டை ஒவ்வொன்று கொடுத்தார். பிள்ளைகள் அதை உருட்டின, தட்டின, கிழித்தன, மறுபடி உருட்டின. எதுவுமே சாப்பிடுவதில்லை என்று எங்களிடம் வந்துகொண்டிருந்த மூன்று வயதுப் பெண் பிள்ளையும் அங்கே இருந்தாள். அவள் தட்டியது வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. ஆயாம்மா அதை அப்படியே கல்லில் போட்டுச் சுட்டு, "இது ஒன்னோட ரொட்டி" என்று கொடுத்தார். அவள் முழுவதையும் சாப்பிட்டாள். பக்கத்துப் பிள்ளை கேட்டபோது கொடுக்க மாட்டேன் என்று மறைத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து அவளுடைய அட்டையில் கோடு மேலே திரும்பியிருந்தது. அதற்கு ரொட்டி மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பூச்சி மருந்து கொடுத்தோம், திரிபோஷாவும் கிடைத்தது. ஆனால் கொடுத்த சாப்பாடு வயிற்றுக்குள் போகத் தொடங்கியது ஆயாம்மாவின் கையால்தான்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. புதிய உணவு ஒன்றைச் சின்னப் பிள்ளை முதல்முறை தள்ளிவிடுவது இயல்பு. எட்டு, பத்துத் தடவை, சிலவேளை அதற்கும் மேலாகக் கண்ணால் கண்டு, தொட்டு, முகர்ந்த பிறகே பல பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்ளும். தட்டில் வைத்து ஊட்டும்போது அந்தப் பத்துத் தடவையும் சண்டையாகப் போகிறது. கீரையைக் கழுவி, கிள்ளி, மாவில் தூவும் பிள்ளைக்கு அது விளையாட்டாகவே நடந்துவிடுகிறது. அத்தோடு விரல்கள் பழகுகின்றன. மாவு பிசைந்த விரல் பென்சில் பிடிக்கச் சிரமப்படாது என்று எங்கள் முன்பள்ளித் தோழி சொல்கிறார்.

சரி, என்ன செய்யலாம்? நாங்கள் எங்கள் பிள்ளைகளோடு செய்து பார்த்த நாலு பண்டங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, கீரை ரொட்டி. கோதுமை மாவு இரண்டு கோப்பை, குரக்கன் மாவு ஒரு கோப்பை, தேங்காய்ப்பூ ஒரு கோப்பை, பொடியாக அரிந்த கீரை ஒரு கைப்பிடி, உப்பு அளவாக. பொன்னாங்காணி, வல்லாரை எது கிடைத்தாலும் சரி. பீட்ரூட் இலையையும் முள்ளங்கி இலையையும் வெட்டி எறிகிறோமே, அவையும் நல்ல கீரைதான். நெத்தலிக் கருவாட்டைக் கழுவிக் காயவைத்து, வறுத்து இடித்த தூள் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் புரதமும் கல்சியமும் கூடும். அப்படிச் சேர்த்தால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் தட்டலாம். இரண்டு வயதுப் பிள்ளை கீரை கழுவும். மூன்று, நாலு வயதுப் பிள்ளை பிசைந்து தட்டும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை கோப்பையால் அளந்து போடும். கூட்டல் கணக்கும் அங்கேயே தொடங்கிவிடும்.

கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை, முழுவதும் கப்பலில் வருகிறது. 2022 இல் அதன் விலை பல மடங்கு ஏறியபோது லயங்களில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு நேர ரொட்டியை இரண்டு நேரத்துக்குப் பங்கு போட்டார்கள். எங்கள் பாட்டிமார் 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் வந்த பஞ்சத்தைப் பற்றிச் சொல்லும்போது மரவள்ளிக் கிழங்கையும் காட்டுக் கீரையையும் சொல்வார்கள். பட்டினியால் செத்தவர்களையும் சொல்வார்கள். ஒரே மாவை நம்பியிருக்கும் அடுப்படி ஆபத்தான அடுப்படி. குரக்கனையும் அரிசி மாவையும் பிள்ளைகளின் கைக்குப் பழக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, முளைப்பயறு. பாசிப்பயறை இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். கொழும்பில் ஒரு நாளில் முளை வந்துவிடும். ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், மார்கழிக் குளிரில் நமக்கு இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள் ஆகும். அடுப்புக்குக் கிட்ட வைத்தால் சீக்கிரம் வரும். துணியை நனைப்பது பிள்ளையின் வேலை. "வந்திருச்சா, வந்திருச்சா" என்று நாளுக்கு ஐந்து முறை அவிழ்த்துப் பார்ப்பார்கள், பார்க்க விடுங்கள். முளைக்கும்போது பயற்றில் விற்றமின் சீ உண்டாகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காமல், ஆவியில் அவித்து, தேங்காய்ப்பூவும் துளி உப்பும் போட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது, தயிர். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாலைக் காய்ச்சி, சுண்டுவிரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி பழைய தயிரைப் பிள்ளையைக் கொண்டே கலக்கச் சொல்லுங்கள். பானையைத் துவாயால் சுற்றி, தணல் தணிந்த அடுப்பின் ஓரத்தில் வையுங்கள். நம் குளிருக்கு இரவு முழுக்க வேண்டும். காலையில் மூடியைத் திறந்து பார்க்கும் உரிமை கலக்கிய பிள்ளைக்கே. மேலே படியும் ஆடையைச் சேர்த்து, மூடியுள்ள போத்தலில் போட்டு, பிள்ளைகள் மாறி மாறிக் குலுக்கினால் வெண்ணெய் திரளும். கை வலிக்கிறது என்று ஒருவர் ஒருவருக்குக் கொடுத்துக் கொடுத்து, திடீரென்று உள்ளே ஒரு கட்டி உருளும் சத்தம் கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாலாவது, சத்துமா. சிவப்பரிசி இரண்டு பங்கு, பயறு ஒரு பங்கு, குரக்கன் ஒரு பங்கு, எள்ளு கால் பங்கு. சுளகில் பரப்பி, கல்லும் உமியும் பொறுக்குவது பிள்ளைகளின் வேலை. அவர்களுடைய கண் நம் கண்ணைவிடக் கூர்மை. பெரியவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து, ஆறவிட்டு, திரித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். பாலிலோ தண்ணீரிலோ கஞ்சியாகக் காய்ச்சலாம், தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடிக்கலாம். சோளமும் சோயாவும் சேர்த்துச் செய்யும் திரிபோஷா 1973 முதல் நம் நாட்டுத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைத்து வருகிறது. கிளினிக்கில் கொடுத்தால் கட்டாயம் வாங்கிப் பயன்படுத்துங்கள். அது கிடைக்காத மாதத்தில் வெறும் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் இருக்க இந்தச் சத்துமா உதவும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். தேயிலை நமக்குச் சோறு போட்டது. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயம், கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துப் பிள்ளைக்கு ஊட்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். சின்னப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி தேவையே இல்லை. பெரியவர்களும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடித்தால் நல்லது. சம்பலில் தேசிக்காய்ப் புளி விட்டால் அதிலுள்ள விற்றமின் சீ இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். செலவே இல்லாத மருந்து இது.

வைத்தியர் என்ற முறையில் சில எச்சரிக்கைகள். பிள்ளைக்கு அடுப்பிலிருந்து எட்டாத தூரத்தில் பாயோ பலகையோ போட்டு இடம் ஒதுக்குங்கள். மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கம் விடவே வேண்டாம். எரிகாயத்தோடு வரும் பிள்ளைகளைப் பார்த்த கண்கள் எங்களுடையவை. ஐந்து வயதுவரை முழுக் கச்சானோ முழுக் கடலையோ கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். இடித்துத் தூளாக்கிக் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. தொடங்குமுன் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே. அதன் பின்னர் மசித்த உணவும், சேர்த்துத் தாய்ப்பாலும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிலருக்குக் கோபம் வந்திருக்கலாம். வர வேண்டும். விடியற்காலை எழுந்து, பகல் முழுக்க மலையில் நின்று, அட்டைக் கடியும் மழையும் பட்டு வந்த தாயிடம், பிள்ளையோடு உட்கார்ந்து ரொட்டி தட்டு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அவள் தோளில் இன்னொரு கூடையை ஏற்றுவதற்கு நாங்கள் இங்கே வரவில்லை. பிள்ளைகள் மெலிந்திருப்பதற்குக் கூலியும், குடியிருப்பும், தண்ணீரும், தாய்க்கு நேரம் இல்லாமையும் காரணங்கள். அவற்றை ரொட்டியால் ஈடு செய்ய முடியாது. அவற்றைப் பற்றிப் பேச வேண்டிய இடங்களில் நாம் உரக்கப் பேசத்தான் வேண்டும்.

ஆனால் வீட்டில் தாய் மட்டுமா இருக்கிறாள்? அப்பா இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்ந்த தாத்தா, பாட்டி இருக்கிறார்கள். ரொட்டி எல்லோருக்கும் சுடத் தெரியும், தெரியாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து படிக்கலாம். முக்கியமாக ஆண் பிள்ளைகளையும் மாவுப் பாத்திரத்தில் கை வைக்க விடுங்கள். நாலு வயதில் மாவு பிசைந்தவன் இருபத்தைந்து வயதில் மனைவி வரும்வரை பட்டினி கிடக்க மாட்டான்.

வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. விடுமுறைக்கு வரும்போது சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு சொக்லட் கொண்டு வருகிறீர்கள். அன்பை மறுக்கவில்லை. இந்த முறை ஒரு நாளாவது அந்தப் பிள்ளைகளோடு அடுப்படியில் உட்காருங்கள். லண்டனிலும் டொரன்டோவிலும் பிறந்த உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தமிழ் சரளமாக வராத பிள்ளைக்கும் 'தட்டு', 'உருட்டு', 'கிள்ளு' என்ற சொற்கள் கையோடு வந்துவிடும். ரொட்டி சுடும் பாட்டியிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்த நூற்றாண்டில் நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். மண்டபம் கட்டுகிறோம், கல்வெட்டு வைக்கிறோம், நல்லதுதான். அதோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாடசாலைக்கு அருகிலுள்ள ஒரு பிள்ளை மடுவத்துக்கு நம்மில் நாலு பேர் போவோம். குரக்கன் மாவும் பயறும் நாம் கொண்டு போவோம். சொல்லிக் கொடுப்பது ஆயாம்மா, செய்வது பிள்ளைகள். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கை கழுவி விடுவோம். வர விரும்புகிறவர்கள் போகும்போது வாசலில் இருக்கும் கொப்பியில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

இன்று பகல் விருந்தில் பிரியாணியோடு ஒரு மூலையில் ரொட்டியும் சம்பலும் வைக்கச் சொல்லியிருக்கிறோம். எங்கள் வகுப்புத் தோழியர் காலையில் தட்டியது. பெட்டிகளை மூடி இல்லாமல் முழுதாகத் திறந்து வைத்திருக்கிறோம். எல்லோரும் வாருங்கள்.